பாலை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகுமா? 4 மாடு வச்சிருக்கும் குடும்பத்துக்கு கூடுதல் வருமானம் எங்கே இருக்கு? முழு கணக்கு

ஒரு லிட்டர் பசும்பாலுக்கு 38 ரூபாய். ஒரு கிலோ கலப்புத் தீவனத்துக்கு ஏறக்குறைய 30 ரூபாய். தமிழ்நாட்டில் மாடு வளர்க்கும் குடும்பங்களின் கவலை முழுக்க இந்த ரெண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கு.

"பாலை நெய்யா மாத்துங்க, பன்னீரா மாத்துங்க, லட்சத்தில் வருமானம் பாருங்க" என்று யூடியூபில் நூறு வீடியோ சொல்லுது. உண்மையில் அது கைகொடுக்குமா? சாணம், தீவனம், கன்றுக்குட்டி இதிலெல்லாம் என்ன வருமானம் இருக்கு? எதை முதலில் தொடங்கலாம், எதைத் தொடாமலே இருக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பால் விலை இப்போது எப்படிக் கணக்கிடப்படுகிறது?

2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 3 ரூபாய் உயர்த்தப்பட்டது. பசும்பால் 32 ரூபாயிலிருந்து 35 ரூபாய்க்கும், எருமைப்பால் 41 ரூபாயிலிருந்து 44 ரூபாய்க்கும் போனது. அதன்பிறகு 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகையை அரசு அறிவித்தது. இரண்டையும் சேர்த்தால்தான் பசும்பாலுக்கு 38 ரூபாய்.

ஆனால் எல்லோர் கைக்கும் இந்த 38 ரூபாய் முழுசா வந்துவிடாது. பாலில் உள்ள கொழுப்பு, கொழுப்பு அல்லாத திடப்பொருள் (எஸ்.என்.எஃப்.) அளவைப் பார்த்துத்தான் விலை போடப்படுகிறது. தரம் குறைந்தால் விலையும் குறையும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு: கையில் என்ன மிஞ்சும்?

ஒரு உதாரணத்துக்கு 4 மாடு உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். 3 மாடு கறவையில் இருக்கு, ஒன்று கறவை வற்றி சினையா இருக்கு. ஒரு மாடு நாளைக்கு 8 லிட்டர் என்றால் மொத்தம் 24 லிட்டர்.

• பால் வருமானம்: 24 லிட்டர் x 38 ரூபாய் = நாளைக்கு 912 ரூபாய்
• கலப்புத் தீவனம்: சுமார் 16 கிலோ x 30 ரூபாய் = 480 ரூபாய்
• வைக்கோல், சோளத்தட்டு, மற்றவை: சுமார் 120 ரூபாய்
• மிச்சம்: நாளைக்கு 312 ரூபாய், மாதம் 9,360 ரூபாய்

இது அனுமானக் கணக்குதான். ஊருக்கு ஊர் தீவன விலையும் கறவையும் மாறும். ஆனாலும் ஒரு விஷயம் தெளிவா தெரியுது. வருகிற பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது. மிச்சமுள்ள 9,000 சொச்சத்தில்தான் டாக்டர் செலவு, சினை ஊசி, கரண்ட், மாட்டுக் கடன் தவணை எல்லாம். குடும்பத்தில் ரெண்டு பேர் காலையும் மாலையும் போடும் உழைப்புக்கு இதில் கூலியே சேர்க்கவில்லை.

அப்படின்னா இன்னொரு மாடு வாங்கினா போதுமா? போதாது. இன்னொரு மாடு என்றால் இன்னொரு தீவன மூட்டை. அதே விகிதத்தில்தான் செலவும் ஏறும். அதனால் கூடுதல் மாட்டைத் தேடுவதற்கு முன், இப்போது இருக்கும் மாட்டிலேயே விட்டுப்போகிற பணம் எங்கே என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

முதல் வருமானம்: தீவன பில்லை குறைப்பது

மிச்சப்படுத்தும் ஒரு ரூபாய்க்கு வாடிக்கையாளர் தேட வேண்டாம், பேக்கிங் வேண்டாம், கடன் வசூல் வேண்டாம். அதனால் முதல் இடம் இதுக்குத்தான்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ரகங்களான கோ 4, கோ 5 இரண்டும் பாசன வசதி உள்ள இடத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் பசுந்தீவனம் தரக்கூடியவை. நட்டு 75-80 நாளில் முதல் அறுவடை, அதன்பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம்.

பல்கலைக்கழக மகசூல் நம்ம வயலில் அப்படியே வராது. பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும், 40 முதல் 50 சென்ட் இடத்தில் 4 மாட்டுக்கும் தலைக்கு சுமார் 20 கிலோ தினமும் பசும்புல் கிடைக்கும். வரப்பு ஓரத்தில் வேலிமசாலோ, அகத்தியோ இருந்தால் புரதச்சத்தும் சேரும்.

இப்படிப் பசுந்தீவனம் சரியாகக் கிடைத்து, மாட்டுக்கு தினம் 1 கிலோ கலப்புத் தீவனம் குறைந்தாலே 4 கிலோ x 30 ரூபாய் = 120 ரூபாய். மாதத்துக்கு 3,600 ரூபாய். மேலே பார்த்த 9,360 ரூபாயோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை இல்லை.

ஒரு எச்சரிக்கை. தீவனத்தை ஒரேயடியாகக் குறைத்தால் பாலும் குறையும், கொழுப்பும் இறங்கும். பத்து நாளில் மெல்ல மெல்ல மாற்றி, பால் அளவைப் பார்த்துக்கொண்டே குறைக்கணும்.

புல் நன்றாக வந்துவிட்டால் அதுவே இன்னொரு வருமானம். கோ 4, கோ 5 புல்லை விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை நட்டுத்தான் வளர்க்கணும். ஒரு ஏக்கருக்கு சுமார் 13,000 கரணை தேவைப்படும். அக்கம்பக்கத்தில் புதுசா மாடு வாங்குபவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

அசோலா போட்டா தீவனச் செலவு பாதியா குறையுமா?

குறையாது. அசோலா நல்ல தீவனம்தான், காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கு. ஆனால் பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு மாட்டுக்கு 2 கிலோ போட்டால் அதில் இருக்கும் உண்மையான தீவனம் 100, 150 கிராம்தான். துணைத் தீவனமாக வைத்துக்கொள்ளலாம். அதை நம்பி புண்ணாக்கை நிறுத்தினால் நஷ்டம் நமக்குத்தான்.

சாணத்துக்கு உண்மையிலேயே விலை இருக்கா?

இருக்கு. சத்தீஸ்கர் அரசு 2020 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் கிலோ 2 ரூபாய்க்கு சாணம் வாங்கியது. குஜராத்தின் பனாஸ் பால் கூட்டுறவு ஒன்றியம் விவசாயிகளிடம் கிலோ 1 ரூபாய்க்கு சாணம் வாங்கி, அதிலிருந்து வாகனங்களுக்கான எரிவாயு தயாரிக்கிறது. தேசிய பால்வள வாரியமும் சாண மேலாண்மைக்கென்றே 2021-ல் மிருதா என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது.

தமிழ்நாட்டு கிராமத்தில் அப்படி வாசலுக்கே வந்து வாங்குற ஏற்பாடு பெரும்பாலான இடங்களில் இல்லை. குப்பைமேட்டில் சேர்த்து வருஷத்துக்கு ஒருமுறை டிராக்டர் லோடாகப் போடுவதுதான் வழக்கம். வெயிலிலும் மழையிலும் கிடக்கும்போதே சத்தில் பெரும்பகுதி போய்விடும். விலையும் அடிமாட்டு விலைதான்.

நம்ம 4 மாட்டு வீட்டில் தினமும் சுமார் 50 கிலோ சாணம் சேரும். இதை வைத்து என்ன பண்ணலாம்?

1. சாண எரிவாயு

ஒரு கன மீட்டர் வாயுவுக்கு சுமார் 25 கிலோ சாணம் தேவை. 50 கிலோவுக்கு 2 கன மீட்டர் கலன் போதும். 4, 5 பேர் உள்ள வீட்டின் சமையலை இது பார்த்துக்கொள்ளும். கணக்குப்படி 2 கன மீட்டர் வாயு என்பது சுமார் 0.86 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். அதாவது ஒரு சிலிண்டர் 16, 17 நாள் எரிவதற்கு நிகர்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டில் மாதம் ஒரு சிலிண்டர்தான் செலவாகுது என்றால் மிச்சமாவதும் ஒரு சிலிண்டர் காசுதான். மீதி வாயுவை சேர்த்து வைக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. விறகு அடுப்பில் கண்ணெரிச்சலோடு சமைக்கும் வீடுகளுக்கு இதன் மதிப்பு இன்னும் அதிகம்.

2. மண்புழு உரம்

கலனிலிருந்து வெளியே வரும் சாணக் கழிவு வீண் இல்லை. வாயு போன பிறகும் தழைச்சத்து அதிலேயே இருக்கு. அதை உலர்த்தி, தோட்டத்துக் குப்பையோடு சேர்த்து மண்புழுப் படுக்கையில் போடலாம். கலன் இல்லாத வீட்டில் சாணத்தை சில நாள் ஆற வைத்து நேரடியாகவே போடலாம். பச்சைச் சாணத்தின் சூட்டில் புழு செத்துவிடும் என்பதால்தான் இந்த ஆற வைப்பது.

நிழலும் ஈரமும் இருந்தால் 45 முதல் 60 நாளில் உரம் தயார். மாதம் 1,500 கிலோ சாணத்தில் 600 கிலோ உரம் கிடைத்து, கிலோ 8 ரூபாய்க்குப் போனால் 4,800 ரூபாய். சாக்கு, சலிக்கும் வேலை, வண்டி வாடகைக்கு 1,000 ரூபாய் கழித்தால் 3,800 ரூபாய்.

இதில் சிக்கல் தயாரிப்பு இல்லை, விற்பனைதான். நர்சரி, மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள், மஞ்சள், வாழை, திராட்சை விவசாயிகள் என்று நிரந்தரமாக வாங்கும் நாலு பேர் கிடைத்தால்தான் தொழில். அதுவரை பாதியை சொந்த வயலுக்கே போடுங்க. உரக்கடை பில் குறைவதும் வருமானம்தான்.

3. பஞ்சகவ்யம்

சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வெல்லம், இளநீர், வாழைப்பழம் சேர்த்து சுமார் 30 நாளில் தயாராகும். 3 சதவீதக் கரைசலாகப் பயிருக்குத் தெளிப்பார்கள். இயற்கை விவசாயிகள் அதிகம் இருக்கும் பகுதியில் விற்பனை உண்டு. பயிருக்கான ஊக்கியாக மட்டும் விற்கணும். மனுஷனுக்கு மருந்து என்று சொல்லி விற்றால் சட்டச் சிக்கல் வரும்.

நெய், பன்னீர், தயிர்: லாபம் எதில்?

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம்.

நெய்: 4 சதவீதம் கொழுப்பு உள்ள பசும்பால் 25 லிட்டர் இருந்தால்தான் சுமார் 1 கிலோ நெய் கிடைக்கும். 25 லிட்டரை சொசைட்டிக்கு ஊற்றியிருந்தால் 950 ரூபாய். ஆக நெய்யில் பாலுக்கான அடக்க விலை மட்டுமே 950 ரூபாய். விறகும் உழைப்பும் தனி.

இன்னொரு பக்கம் பாருங்க. 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய்க்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அப்போது ஆவின் ஒரு லிட்டர் நெய்யின் விலையை 690 ரூபாயிலிருந்து 650 ரூபாயாகக் குறைத்தது. ஒரு கிலோ நெய் என்பது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் வரும்.

ஆவினால் எப்படி அந்த விலைக்குத் தர முடிந்தது? கொழுப்பை எடுத்த பிறகும் மீதிப் பால் அவர்களிடம் வீணாவதில்லை. கொழுப்பு குறைந்த பாக்கெட் பாலாக, பால் பவுடராக, மோராக விற்றுவிடுகிறார்கள். வீட்டில் நெய் காய்ச்சும்போது மீதி 20 லிட்டர் மோர் என்ன ஆகுது என்பதுதான் கேள்வி. அதை விற்க வழி இருந்தால் நெய்யில் லாபம். மோர் கன்றுக்குட்டிக்கும் சாக்கடைக்கும் போனால் நெய்யில் நஷ்டம். நெய் விற்கிறவரின் லாபம் உண்மையில் மோரில்தான் இருக்கு.

பன்னீர்: பசும்பாலில் 6 முதல் 7 லிட்டருக்கு 1 கிலோ. எருமைப்பால் என்றால் 5 லிட்டரே போதும். பசும்பாலில் அடக்க விலை சுமார் 250 ரூபாய். ஹோட்டல்காரர் 350 ரூபாய்க்கு எடுத்தால் கிலோவுக்கு 100 ரூபாய் நிற்கும், அதில் எரிபொருள், குளிர்ப்பெட்டி, வண்டிச் செலவு போகணும். ஒரு நாள் ஆர்டர் வராவிட்டால் அந்த வாரத்து லாபம் காலி. பாக்கெட் பன்னீருக்கு ஜிஎஸ்டி முழுவதுமாக நீக்கப்பட்டதால் பெரிய கம்பெனிகளின் போட்டியும் கூடியிருக்கு.

தயிர்: 1 லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 1 கிலோ தயிர். 38 ரூபாய் பால் 60 ரூபாய் தயிரானால் 22 ரூபாய் வித்தியாசம். மெஷின் வேண்டாம், சின்ன அளவில் தொடங்கலாம். விற்காமல் போனால் மோராக்கலாம். மூன்றில் ஆபத்து குறைந்தது இதுதான்.

நேரடி பால் விற்பனை: பலரும் கவனிக்காதது இது. டவுனுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தினம் 5 லிட்டரை மட்டும் தெரிந்த வீடுகளுக்கு 53 ரூபாய்க்கு ஊற்றினால் லிட்டருக்கு 15 ரூபாய் கூடுதல். மாதம் 2,250 ரூபாய். காய்ச்ச வேண்டாம், கடைய வேண்டாம். பெட்ரோல் செலவும், மாசக் கடைசியில் காசு வசூல் பண்ணும் அலைச்சலும்தான் இதன் விலை.

பால்கோவா: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தனி வீடு ஒன்று அந்தப் பெயரை உருவாக்கவில்லை. பல வருஷமாக ஒரு ஊரே சேர்ந்து செய்ததால் வந்த பெயர். மதிப்புக்கூட்டலில் பெரிய காசு பார்த்த இடங்களில் எல்லாம் கூட்டுறவோ, ஊர்ப்பெயரோ, நிரந்தர வாடிக்கையாளரோ பின்னால் இருக்கு. நாமும் கிண்டலாம், ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரை மற்ற ஊர்க்காரர்கள் போட்டுக்கொள்ள முடியாது.

லைசென்ஸ் எடுக்கணுமா?

இங்கேதான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பால் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராக இருந்து, பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்றும் உற்பத்தியாளர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியதில்லை. விதியிலேயே விலக்கு இருக்கு. ஆனால் தயிரோ நெய்யோ செய்து நீங்களே விற்கத் தொடங்கிவிட்டால் அந்த விலக்கு பொருந்தாது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுக்கணும். சிறு தொழிலுக்கான பதிவு ஆன்லைனிலேயே குறைந்த கட்டணத்தில் முடிந்துவிடும். பாக்கெட்டில் அடைத்தால் பதிவு எண், தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் பயன்படுத்தணும் என்பதெல்லாம் இருக்கணும்.

நாட்டு மாட்டுப் பால் விற்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 'ஏ2' என்று லேபிள் போடக் கூடாது என 2024 ஆகஸ்ட் 21-ல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொன்னது. சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 26-ல், அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. அந்த ஒரு எழுத்தை மட்டும் நம்பி ரெட்டை விலைக்குத் தொழில் கட்டுவது ரிஸ்க். "எங்க மாடு, எங்க புல், காலையில் கறந்த பால்" என்பதுதான் யாரும் தடை போட முடியாத விளம்பரம்.

வருமான வரியில் இன்னொரு விஷயம். பால் பண்ணை வருமானம் விவசாய வருமானமாகக் கருதப்படுவதில்லை. சின்னக் குடும்பங்களுக்கு வரி வரம்புக்குள் வராது என்றாலும், தொழில் வளரும்போது கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கன்றுக்குட்டியில் ஒளிந்திருக்கும் பணம்

கிடாரிக் கன்றை நன்றாக வளர்த்து, சினைக்கிடாரியாக விற்பது மெதுவான வருமானம், ஆனால் மொத்தமாகக் கைக்கு வரும் வருமானம். கலப்பினக் கிடாரி 27 முதல் 30 மாதத்துக்குள் முதல் ஈத்து ஈன வேண்டும். பால் மிச்சம் பிடிக்கிறோம் என்று கன்றின் வாயில் கை வைத்தால் அது மூணரை, நாலு வருஷத்துக்கு இழுத்துவிடும். அந்த கூடுதல் மாதங்களின் தீவனம் முழுக்க நஷ்டம்.

காளைக்கன்று பிறந்தால் என்ன பண்ணுவது என்ற பிரச்சினைக்கு பாலினம் பிரித்த விந்து ஊசி வந்திருக்கு. 90 சதவீதம் அளவுக்கு கிடாரிக் கன்று பிறக்க வாய்ப்பு. சாதாரண ஊசியைவிட விலை கூடுதல் என்பதால் முதலில் கிடாரிகளுக்கும், பருவம் சரியாக வரும் நல்ல மாடுகளுக்கும் போடச் சொல்கிறார்கள்.

இன்னொரு கணக்கு: மாடு பருவத்துக்கு வந்ததைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த வாய்ப்பு 21 நாள் கழித்துத்தான். அந்த 21 நாளும் அடுத்த ஈத்து தள்ளிப்போகுது, தீவனம் மட்டும் போய்க்கொண்டே இருக்கு. தாது உப்புக் கலவை கொடுப்பதும், காலையும் மாலையும் மாட்டை நின்று பார்ப்பதும் செலவில்லாத வருமானம்.

ஆடு, கோழி சேர்க்கலாமா?

சேர்க்கலாம். மாடு கழித்த புல்லை ஆடு தின்னும், சிந்திய தானியத்தைக் கோழி பொறுக்கும். அவசரத்துக்கு ஒரு ஆட்டை விற்றால் மாட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை. 4, 5 ஆடு, 10 நாட்டுக்கோழி என்ற அளவில் இது சரி.

"50 சதவீதம் மானியம்" என்று கேள்விப்பட்டு இறங்குபவர்கள் ஒரு விஷயத்தைப் பார்க்கணும். தேசிய கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு மானியம் தொடங்குவதே 100 பெட்டை, 5 கிடா என்ற அளவில்தான். நாட்டுக்கோழிக்கு 1,000 தாய்க்கோழி. இது 4 மாட்டுக் குடும்பம் கொசுறாகச் செய்யும் வேலை இல்லை, தனித்தொழில்.

பணம் புரட்ட வழி என்ன?

• கிசான் கிரெடிட் கார்டு: மாடு வளர்ப்போருக்கும் உண்டு. தீவனம், மருத்துவம் போன்ற நடைமுறைச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. சரியான நேரத்தில் திருப்பிக் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம்தான். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை.

• உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டம்: வங்கிக் கடனோடு சேர்ந்து 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்பது விதி. தயிர், பன்னீர், பால்கோவா யூனிட் போட நினைப்பவர்கள் இப்போதைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

• பயிற்சி: கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாவட்ட மையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கிடைக்கும்.

மானியம் வருது என்பதற்காக மெஷின் வாங்காதீங்க. வாங்குகிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு வாங்குங்க.

யாருடைய உழைப்பு, யாருடைய காசு?

கூடுதல் வருமானம் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் கேள்வி இது. விடியும் முன்னே எழுந்து சாணம் அள்ளி, கறந்து, சொசைட்டிக்கு அனுப்பி, சமைத்து, புல் அறுத்து, மறுபடி கறப்பது பல வீடுகளில் பெண்கள்தான். அதுக்கு மேலே தயிர் உறை ஊற்றுவதும், உரம் சலிப்பதும் யார் தலையில் விழும்?

அதனால் எந்த வேலையையும் மணிக்கணக்கில் பார்க்கணும். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். 8 மணி நேரமாகப் பார்த்தால் மணிக்கு 42 ரூபாய். மண்புழு உரத்துக்கு தினம் ஒரு மணி நேரம், மாதம் 30 மணி நேரம் என்றால் 3,800 ரூபாய் வருமானத்தில் மணிக்கு 126 ரூபாய் நிற்கும். பரவாயில்லை. அதே சமயம் 2 மணி நேரம் பன்னீர் காய்ச்சி ஒரு கிலோ விற்று, எரிபொருளும் வண்டியும் போக 60 ரூபாய் நின்றால் மணிக்கு 30 ரூபாய். அதைவிட அந்த ரெண்டு மணி நேரம் தூங்கலாம்.

வருகிற காசு யார் கணக்கில் போகுது என்பதும் முக்கியம். பால் பணம் சொசைட்டி உறுப்பினர் பெயரில் வரும். வேலை செய்பவர் ஒருவர், உறுப்பினர் இன்னொருவர் என்றால் உரம், தயிர் காசையாவது வேலை செய்பவரின் கணக்கிலேயே போட ஏற்பாடு பண்ணலாம். அந்த வேலை தொடர்ந்து நடக்க அதுவே நல்ல வழி.

சரி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

1. முதல் மாதம் ஒரு நோட்டு போடுங்க. பால், தீவனம், மருந்து, வேலை நேரம் நாலையும் எழுதுங்க. எங்கே ஒழுகுது என்று அதுவே காட்டிவிடும்.

2. அடுத்து புல். இடமும் தண்ணீரும் இருந்தால் முதல் லாபம் இங்கேதான்.

3. மூன்றாவது சாணம். குப்பைமேட்டுக்கு ஒரு நிழலும், ஒரு மண்புழுப் படுக்கையும் போதும்.

4. நாலாவதுதான் பால் பொருட்கள். 24 லிட்டரில் 4, 5 லிட்டரில் மட்டும் தொடங்கி, மூணு மாதம் தொடர்ந்து விற்றால் கூட்டுங்க.

5. சொசைட்டியை விட்டு வெளியே வராதீங்க. நமக்கு வாடிக்கையாளர் இல்லாத நாளிலும் பாலை வாங்கிக்கொள்ளும் இடம் அது. வீட்டு விற்பனைக்கு எடுத்தது போக மீதியை அங்கே தொடர்ந்து ஊற்றுவதுதான் பாதுகாப்பு.

நம்ம உதாரணக் குடும்பத்துக்குத் தீவனத்தில் 3,600, உரத்தில் 3,800, நேரடிப் பாலில் பெட்ரோல் போக 1,500 ரூபாய் நின்றால் மாதம் 8,900 ரூபாய். ஏற்கனவே கையில் நின்ற 9,360 ரூபாய் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். மூன்றும் ஒரே மாதத்தில் வந்துவிடாது, புல் வளரவும் வாடிக்கையாளர் சேரவும் ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆனால் இதில் எதுக்கும் புது மாடு வாங்கவில்லை, பெரிய கடன் எடுக்கவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் பாலுக்கு நியாய விலை தேவையில்லை என்று அர்த்தமில்லை. தீவன விலை ஏறும்போது பால் விலையும் ஏறினால்தான் மாடு வளர்ப்பவர் நிற்க முடியும். அந்தக் கோரிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். விலை உயர்வு அறிவிப்பு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல், தொழுவத்திலேயே வீணாகிற காசை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.